மூங்கிலிலும் மரத்திலும் தீக்கடைவது எப்படி

உரசினால் சூடு பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல்முறை இரண்டு குச்சிகளை எடுத்து அரைமணி நேரம் தேய்த்தவருக்குக் கையில் கொப்புளமும், கண்ணாடி போல் வழவழப்பான கட்டையும்தான் மிஞ்சும். தேய்க்கிற கட்டை தீப்பிடிக்கும் என்று காத்திருப்பதுதான் அங்கே நடக்கிற தவறு. பற்றிக்கொள்வது கட்டையிலிருந்து உதிரும் தூள். அது மாவு போல் நுண்மையாக, நன்றாகக் கருகி, சூடு ஆறுவதற்குள் ஒரே இடத்தில் குவிய வேண்டும். குவிந்தால் தானாகவே புகைந்து கங்காகும். சிதறினால் எத்தனை வேகமாகத் தேய்த்தும் பயனில்லை. பள்ளத்தை எங்கே வெட்டுவது, எவ்வளவு அழுத்துவது, எப்போது வேகம் கூட்டுவது என்பதெல்லாம் இந்தத் தூளுக்காகத்தான்.

கட்டை தேர்வு

நின்ற நிலையிலேயே பட்டுக் காய்ந்த மரமே முதல் தேர்வு. தரையில் கிடப்பது மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஈரம் ஏறியிருக்கும். குச்சியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்து நார் பிரிந்தால் இன்னும் காயவில்லை. சீவிய பக்கத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பது விரலால் தொடுவதைவிட நல்ல சோதனை. ஜில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை உரசலில் வரும் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கட்டை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டவே திணறும். மரம் கருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

அடுத்தது மென்மை. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் நகம் உள்ளே புதையக் கூடாது. வைரம் பாய்ந்த கட்டை தேயாது, மெருகேறும். உளுத்த கட்டையோ சூடேறும் முன்பே நொறுங்கிக் கொட்டிவிடும். நீர்ப்பருத்தி, பூவரசு போன்ற செம்பருத்திக் குடும்பத்து மரங்கள், அத்தி வகைகள், நன்கு காய்ந்த எருக்கந்தண்டு, குளிர்நாடுகளில் வில்லோ, பாப்லர், செடார் ஆகியவை நல்ல பலன் தருபவை. சுழற்றித் தேய்க்கும் குச்சியான கடைகோலும் அதன் அடியில் வைக்கும் அடிப்பலகையும் ஒரே மரத்திலிருந்தே எடுக்கலாம்; ஒன்று கடினமாகவும் மற்றது மென்மையாகவும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

பிசின் ஊறிய பைனும் எண்ணெய்ப்பசை உள்ள தேக்கும் சூட்டில் பளபளப்பேறி வழுக்கும். அரளியும் தில்லையும் நச்சு மரங்கள்; தூளோ புகையோ எதுவும் வேண்டாம், தொடாமல் விட்டுவிடுங்கள். எருக்கை வெட்டும்போதும் பச்சைத் தண்டின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூங்கில் வாள்

மழையும் ஈரமும் மிகுந்த காட்டில் முதலில் முயல வேண்டிய முறை இதுதான். மூங்கில் உள்ளே பொள்ளலாக இருப்பதால் சீக்கிரம் காயும். தேய்க்கும் வாள், அடிப்பலகை, கங்கு பிடிக்கும் பஞ்சு மூன்றும் ஒரே கழியில் கிடைக்கும். கயிறு தேவையில்லை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் மக்கள் இதைக் காலம்காலமாகச் செய்து வருகிறார்கள்.

பச்சை முழுவதும் போய் வைக்கோல் நிறத்துக்கு வந்த, நின்றபடியே செத்த கழியைத் தேடுங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம் அல்லது உளுப்பு. குறுக்களவு 5 முதல் 7 சென்டிமீட்டர், சுவர்த் தடிப்பு 5 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் சரி. சுவர் மெல்லியதாக இருந்தால் சூடேறும் முன் வாள் அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

சுமார் 60 சென்டிமீட்டர் துண்டாக அறுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளவுங்கள். மூங்கில் பிளாச்சின் ஓரம் சவரக்கத்திக்குச் சமம். உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. பிளந்தவுடனே எல்லா ஓரங்களையும் கத்தி முதுகால் மழித்துச் சிலாம்பு எடுத்துவிட வேண்டும்.

ஒரு பிளாச்சை வாளாக்கலாம். அதன் ஒரு நீள ஓரத்தை உட்புறமாகச் சரித்துச் சீவுங்கள். வெளித்தோலே விளிம்பாக நிற்க வேண்டும். மூங்கிலில் கெட்டியான பகுதி அதுதான். வெண்ணெய்க் கத்தி அளவுக்குக் கூர் இருந்தால் போதும். காகிதம் போல மெலிந்தால் சில இழுப்பிலேயே பிசிறடித்து மடங்கிவிடும்.

மற்றொரு பிளாச்சில் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் அடிப்பலகைக்கு. நடுவே கணு வரக் கூடாது. உருண்ட வெளிப்புறத்தில், நாருக்குக் குறுக்காக ஒரு கோடு வெட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்திப் போனால் வளைவின் உச்சியில் முதலில் உள்பக்கம் தெரியும். அங்கே நிறுத்துங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது 2 மில்லிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் நீளமும் உள்ள கீறல் தெரிந்தால் அளவு சரி. முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கை மீறி அகலமாக்கிவிடுகிறார்கள். அப்போது தூள் தங்காமல் கொட்டும், வாளும் உள்ளே நுழைந்து பஞ்சைக் குத்திக் கலைக்கும். அகன்றுவிட்டால் அதை ஒட்டுப்போட முயலாதீர்கள், 5 சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாக ஒன்று வெட்டுங்கள். பலகையைக் கொஞ்சம் நீளமாக எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

இனி பஞ்சு. மிஞ்சிய துண்டின் வெளித்தோலைக் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து முன்னும் பின்னும் சுரண்டுங்கள். சீவக் கூடாது, சீவினால் சுருள் வரும், நமக்கு வேண்டியது முடி போன்ற மெல்லிய சுரண்டல். முதலில் வரும் மெழுகுப் பூச்சான தூளை ஒதுக்கிவிட்டு அடுத்து வருவதைச் சேர்த்து ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிக்கொள்ளுங்கள். கத்தியின் கூர் இதில் சீக்கிரம் மழுங்கும், ஏனென்றால் மூங்கில் தோலில் சிலிக்கா அதிகம். கத்தி முதுகு சதுரமாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

உருண்டையைப் பலகையின் குழிந்த உட்பக்கத்தில், கீறலுக்கு நேராக வைத்து, ஒரு விரல் அகல மூங்கில் பட்டை ஒன்றை அதன் மேல் நீளவாக்கில் படுக்க வைக்க வேண்டும். பட்டையின் இரு முனைகளையும் கட்டைவிரல்கள் அழுத்திப் பிடிக்கும். பஞ்சு கீறலோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டும்படி நசுங்கக் கூடாது.

தனியாளாகச் செய்யும்போது முழங்கால் போட்டு உட்கார்ந்து, வாளின் ஒரு முனையைத் தரையில் கல்லுக்கோ வேருக்கோ முட்டுக்கொடுத்து, மறுமுனையை வயிற்றில் சாயுங்கள். இடையில் மடித்த துணி கட்டாயம் வேண்டும். கூர்விளிம்பு மேலே பார்க்கட்டும். பலகையின் வெளிப்புற வெட்டு அந்த விளிம்பின் மேல் உட்கார, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து வாளின் நீளத்துக்கு மேலும் கீழும் தேய்க்க வேண்டும். இந்த அமைப்பில் பஞ்சு வாளுக்கு மேலே இருக்கிறது; தூள் கீழே விழாமல் கீறலுக்குள் மேல்நோக்கித் திணிக்கப்படுகிறது. பஞ்சு சற்றே விலகியிருந்தாலும் கங்கு பிடிக்காது. புகை குடம் குடமாக வந்தும் நெருப்பு வரவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆரம்பத்தில் நிதானமான, 25 சென்டிமீட்டர் நீள இழுப்புகள். வெட்டு வாளுக்குப் பழகட்டும். மஞ்சள் மாவு போலத் தூள் வந்தால் இன்னும் அழுத்தலாம். பழுப்பேறி, புகை தொடர்ந்து வரத் தொடங்கியதும் அழுத்தத்தையும் வேகத்தையும் சேர்த்தே கூட்டுங்கள். தூள் கருத்ததும் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு 30, 40 இழுப்பு இழுத்துவிட வேண்டும். இதற்கு நடுவில் மூச்சு வாங்க நின்றால் சூடு இறங்கி, பாதிக் கருகிய தூள் கீறலை அடைத்துக்கொள்ளும். ஆகவே முன்பாதியிலேயே தோளைக் களைக்கவிடாதீர்கள்.

நிறுத்திய பிறகும் பஞ்சுக்குள்ளிருந்து புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கங்கு பிடித்துவிட்டது. பட்டையை எடுக்காமல் கீறல் வழியாக மெல்ல ஊதி, பஞ்சின் நடுவே சிவப்பு தெரிந்த பிறகு வெளியே எடுக்கலாம்.

இருவர் இருந்தால் பலகையைத் தரையில் வெளிப்புறம் மேலாக வைத்து, பஞ்சைக் கீழே பொதித்து, வாளை மேலிருந்து ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கலாம். தூள் இயல்பாகவே கீழே பஞ்சில் விழும். களைப்பு பாதி. ஆனால் பலகை ஆடக் கூடாது. இருபுறமும் கால் வைத்து மிதித்துக்கொள்ள வேண்டும்.

வில்லும் கடைகோலும்

மூங்கில் இல்லாத இடத்தில் வில்முறைதான் நம்பகமானது. பாகங்கள் அதிகம், ஆனால் உடல்பலம் குறைவாகப் போதும்.

அடிப்பலகை 30 சென்டிமீட்டர் நீளம், 5 அல்லது 6 சென்டிமீட்டர் அகலம், 1.5 முதல் 2 சென்டிமீட்டர் கனம். கடைகோல் கட்டைவிரல் தடிமன், ஒரு சாண் நீளம், அம்பு போல் நேராக இருக்க வேண்டும். மேல்முனையைப் பென்சில் போலக் கூராக்கி, கீழ்முனையை மழுக்கி விடுங்கள். தேய்மானம் கீழே நடக்க வேண்டும், மேலே அல்ல. வில் ஒரு முழுக்கை நீளம், லேசான வளைவு, வளைந்துகொடுக்காத விறைப்பான கிளை. கயிறு 4 மில்லிமீட்டர் தடிமன் போதும்; அதை வில்லின் இரு முனைகளிலும் கட்டி, கோலை ஒருமுறை சுற்றிவரும்படி மாட்ட வேண்டும். கோலின் மேல்முனையை அழுத்திப் பிடிக்கும் மேல்கட்டை, உள்ளங்கையில் அடங்கும் கெட்டியான மரம் அல்லது குழியுள்ள கல். அதன் குழியில் மெழுகோ சோப்போ தடவுங்கள், எதுவும் இல்லையென்றால் பச்சை இலையைக் கசக்கி வையுங்கள். இந்த வழுக்கும்பொருள் கடைகோலின் கீழ்முனையில் பட்டுவிட்டால் அந்த முனையையே வெட்டி எறிய வேண்டும். பாதி வேலையில் கோலைத் தலைகீழாக மாற்றிப் பொருத்திவிட்டு ஏன் புகையவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு; எது மேல்முனை என்று கத்தியால் ஒரு கீறு போட்டுவையுங்கள்.

பலகையின் ஓரத்திலிருந்து கோலின் விளிம்பு 4 மில்லிமீட்டர் உள்ளே அமையும்படி குழி குறித்து, முதலில் வில்லால் சற்றே எரித்துக் குழியை ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். வட்டம் முழுவதும் கருகிய பிறகே வெட்டு போட வேண்டும். அந்த வெட்டு ஒரு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. ஓரத்தில் அகன்று, குழியின் மையத்துக்குச் சற்று முன்னே கூர்ந்து முடிய வேண்டும். மையத்தைத் தாண்டினால் கோல் நழுவி வெளியே வரும். குறுகலாக இருந்தால் தூள் இறங்க இடமில்லாமல் குழியைச் சுற்றி வழிந்து ஆறிப்போகும். வெட்டின் சுவர்களை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள், பிசிறில் தூள் தொங்கும். அடியில் ஒரு காய்ந்த இலையையோ மரப்பட்டையையோ வையுங்கள். ஈரத்தரை கங்கைக் கொன்றுவிடும், தூக்கிச் செல்லவும் ஏதாவது வேண்டுமே.

வலக்கைக்காரர் இடது பாதத்தால் பலகையை மிதித்து, இடது மணிக்கட்டைக் கணைக்கால் எலும்போடு அணைத்து மேல்கட்டையைப் பிடிக்க வேண்டும். இந்த அணைப்பு தளர்ந்தால் கோல் ஆடும். கோல் ஆடினால் குழி அகலும், சூடு பரவிப்போகும். வில்லைத் தரைக்கு இணையாக வைத்து, கயிற்றின் முழு நீளத்தையும் பயன்படுத்தி இழுங்கள். துண்டு துண்டான குட்டை இழுப்பு மூச்சைத்தான் வாங்கும்.

கயிறு கோலில் வழுக்கினால் வில்லைப் பிடித்த கையின் விரல்களால் கயிற்றை உள்நோக்கி அழுத்தி இறுக்கலாம். கோல் பறந்து வெளியே விழுந்தால் கயிறு அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது மேல்கட்டை சாய்ந்திருக்கிறது. கீச்சென்ற சத்தம் வந்து குழி பளபளத்தால் அழுத்தம் போதவில்லை. ஒரு சிட்டிகை உலர் மணலைக் குழியில் போட்டு நாலைந்து சுற்று சுற்றினால் அந்த மெருகு போய்விடும். மேல்கட்டையிலிருந்து புகை வந்தால் உரசல் தவறான இடத்தில் நடக்கிறது.

தூள் சொல்வது

வெட்டில் சேரும் தூளை நகத்தில் எடுத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பாக, மரத்தூள் மாதிரியே இருந்தால் சூடு போதாது. அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டலாம். கரும்பழுப்பு முதல் கறுப்பு வரை, பொசுபொசுவென்று, விரலில் தேய்த்தால் மை போல ஒட்டினால் அதுதான் வேண்டியது. கறுப்பாகவே இருந்தும் சிறுசிறு உருளைகளாக, நூல்முடிச்சு போல வந்தால் கட்டையில் ஈரமோ பிசினோ இருக்கிறது, அல்லது தொடக்கத்திலேயே அளவுமீறி அழுத்திவிட்டீர்கள். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தும் மாறாவிட்டால் கட்டையை மாற்றுங்கள். கெட்ட கட்டையோடு மல்லுக்கட்டும் ஒரு மணி நேரத்தில் நல்ல கட்டையைத் தேடிப் புதிதாகச் செதுக்கிவிடலாம்.

வெட்டு நிரம்பியதும் கடைசி 20 இழுப்பை முழு வேகத்தில் முடித்து, கோலை மெதுவாக எடுங்கள். இந்த நொடியில் பதற்றம் கூடாது. குவியலிலிருந்து தலைமுடி தடிமனில் ஒரு புகை இழை எழும். குழியிலிருந்து வரும் புகை சில நொடிகளில் நின்றுவிடும். குவியலின் புகை நிற்காமல் வந்தால் உள்ளே கங்கு இருக்கிறது. ஊதாதீர்கள். அரை நிமிடம் விட்டுவிட்டுக் கையால் விசிறினால் கறுப்புக்குள் சிவப்புப் புள்ளி பரவுவதைப் பார்க்கலாம். பலகையைச் சாய்த்து, குச்சி முனையால் குவியலைத் தட்டி இலையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கையால் கடைவது, உழுவது, வார் இழுப்பது

வில் இல்லாமல் உள்ளங்கைகளால் கடைவதற்குக் கோல் மெல்லியதாக, சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனிலும் 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்திலும் இருக்க வேண்டும். நடுவில் சோறு போன்ற மென்மையான தக்கை உள்ள தண்டுகள் இதற்கு மிக ஏற்றவை. ஓரம் மட்டும் தேய்வதால் சூடு சீக்கிரம் ஏறும். பலகையும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். கைகள் உருட்டிக்கொண்டே கீழே இறங்கும். அடியை எட்டியதும் கோல் அசையாமல் ஒரு கையால் பிடித்து, மற்றதை மேலே கொண்டுபோக வேண்டும். இந்த இடைவெளியில் சூடு இறங்குவதுதான் இம்முறையின் பெரிய தலைவலி. கொப்புளம் எழும் அறிகுறி தெரிந்ததும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உழுமுறையில் மென்மையான பலகையில் ஒரு சாண் நீளப் பள்ளத்தில் மழுங்கிய குச்சியை முன்னும் பின்னும் தள்ளுகிறோம். தூள் பள்ளத்தின் கோடியில் குவியும். பசிபிக் தீவுகளில் நீர்ப்பருத்திக் கட்டையில் இதைச் செய்வார்கள். ஒவ்வொரு தள்ளலிலும் குச்சி குவியலைத் தொடக் கூடாது, தொட்டால் கலைந்துவிடும். பார்க்க எளிது, செய்ய இதைவிட வில் தேவலை. நியூகினியில் பிளந்த குச்சியை ஆப்பு வைத்துத் திறந்து, அடியில் பஞ்சு பொதித்து, பிரம்பு வாரை அதன் கீழே கொடுத்து இருபுறமும் மாறி மாறி இழுக்கும் முறையும் உண்டு. வார் அறுவதற்குள் கங்கு வந்தாக வேண்டும். பச்சைவார் அறாது, ஆனால் சூடும் ஏறாது.

கங்கிலிருந்து சுடர்

கடையத் தொடங்கும் முன்பே இது தயாராக இருக்க வேண்டும். தேங்காய் நாரையோ, காய்ந்த புல்லையோ, உள்பட்டை நாரையோ உள்ளங்கைகளுக்கிடையே நன்றாகக் கசக்கி, குருவிக்கூடு போல் வளைத்து, நடுவில் மிக மெல்லிய பஞ்சை வையுங்கள். கூந்தற்பனை மட்டையடியில் படிந்திருக்கும் பழுப்புப் பஞ்சு கங்கைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரன். எருக்கம்பஞ்சும் இலவம்பஞ்சும் சுடர் பட்டால் குப்பென்று எரிந்துபோகும். கங்கை வளர்க்க அவற்றை மட்டும் நம்பாதீர்கள், நாரோடு கலந்து வையுங்கள்.

கங்கை நடுவில் இறக்கிக் கூட்டை லேசாக மூடி, முகத்துக்குச் சற்று மேலே தூக்கி, முதுகில் காற்றுபட நின்று நீளமாக, மெதுவாக ஊதுங்கள். புகை வெள்ளையாகத் திரண்டு மஞ்சள் சாயல் ஏறினால் சுடர் நெருங்கிவிட்டது. எச்சில் தெறிக்கும் அவசர ஊதல் கங்கை அணைக்கும். பற்றியதும் தீக்குச்சி தடிமன் சுள்ளிகள், பிறகு பென்சில் தடிமன், பிறகு விரல் தடிமன் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மூங்கிலை விறகாகப் போடுவதாக இருந்தால் கட்டாயம் பிளந்து போடுங்கள். இரு கணுவுக்கு இடையே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, வேட்டு போல வெடித்துக் கங்கைச் சிதறடிக்கும்.

காய்ந்த புல்வெளியிலும் பலத்த காற்றிலும் இந்தப் பயிற்சி வேண்டாம். தீ மூட்டத் தடை உள்ள காட்டில் அறவே கூடாது. மற்ற இடங்களில் சுற்றிலும் 3 மீட்டர் சருகைப் பெருக்கிவிட்டு, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே புறங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றுங்கள். சில்லிட்டுப் போனபிறகே அந்த இடத்தை விட்டு நகரலாம். தூள் கொட்டிய இடத்தையும் மறக்காமல் நனையுங்கள், கண்ணுக்குத் தெரியாத கங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒருமுறை கங்கு கொடுத்த கோலையும் பலகையையும் எறிந்துவிடாதீர்கள். கருகிய குழி புதுக்குழியைவிடச் சீக்கிரம் சூடேறும். ஈரம் ஏறாதபடி துணியில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே ஒரு நாள் தொங்கவிட்டு எடுத்தால் போதும்.